சேரும் தேதியை நான்கு வாரம் தள்ளிக் கேட்கலாமா? கையெழுத்துப் போட்ட பிறகு?

வைப்பாற்றங்கரை | 24 ஜூன் 2024, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 2019 ஆகஸ்ட் 12ஆம் தேதி சேர்ந்தேன். கல்லூரி முடித்து நேராக வந்து உட்கார்ந்த இடம், இன்றுவரை இதே இடம்தான். போன மாதம் போரூர்ப் பக்கம் இன்னொரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மே 21 அன்று ராஜினாமா கொடுத்தேன். அறுபது நாள் நோட்டீஸ். ஜூலை 19 வெள்ளியோடு இங்கே முடிகிறது, ஜூலை 22 திங்கள் அங்கே சேர வேண்டும். ஆஃபர் கடிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

நேற்று சாத்தூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். எத்தனை வருடம் வேலை பார்த்தாய் என்றார். ஐந்து முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன். எத்தனை நாள் என்று கேட்டார். ஜூலை 19இலிருந்து விரல்விட்டு எண்ணினால் இருபத்து மூன்று நாள். "அட பாவி, ஐந்து வருடம் முடித்தால் நிறுவனம் தரும் பணிக்கொடையை விட்டுவிட்டா கிளம்புகிறாய்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். விழுப்புரம் தாண்டியும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் அடிப்படைச் சம்பளம் 42,000. ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு லட்சத்துச் சொச்சம் வருகிறது. ராஜினாமா எழுதும்போது இது என் புத்திக்கே எட்டவில்லை.

இன்னொரு பக்கம் அம்மா. ஜூலை 22 என்றால் ஆடி 6. "ஆடியில் யாராவது புது வேலையில் கால் வைப்பார்களா? ஆவணி பிறக்கட்டும்" என்று தினமும் ஒரு போன். ஆகஸ்ட் 19 திங்கள் சேர்ந்தால் பணிக்கொடையும் கிடைக்கும், ஆவணியும் பிறந்திருக்கும். இங்கே என் மேலாளர் நான் ஒரு மாதம் கூட இருந்தால் சந்தோஷப்படுவார். ஒப்படைக்க வேண்டிய வேலை மலைபோல் கிடக்கிறது.

புது இடத்தில் கேட்டால் வேலையே போய்விடுமோ என்று பயம். எப்படிக் கேட்பது?

கடைசிப் பெஞ்ச் | 24 ஜூன், இரவு 11.05

இதற்கு ஏன் கேட்டுக்கொண்டு? பழைய இடத்தில் நான்கு வாரம் விடுப்புப் போடுங்கள். ஜூலை 22 அன்று புது இடத்தில் சேர்ந்துவிடுங்கள். ஆகஸ்ட் நடுவில் பழைய இடத்தில் ரிலீவிங் (பணி விடுவிப்பு) கடிதம் வாங்குங்கள். ஐந்து வருடமும் ஆயிற்று, இரண்டு சம்பளமும் ஆயிற்று.

நேர்காணல் மேசை | 25 ஜூன், காலை 7.50

மேலே உள்ளதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பத்து வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பி.எஃப். பொதுக் கணக்கு எண் (யு.ஏ.என்.) உங்களோடே வருகிறது. ஒரே மாதத்துக்கு இரண்டு நிறுவனங்களும் பணம் கட்டினால் அது பாஸ்புக்கில் பளிச்சென்று தெரியும். இன்று இல்லாவிட்டாலும் அடுத்த வேலைக்குப் போகும்போது பின்னணிச் சரிபார்ப்புக்காரர்கள் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். ஒரு லட்சத்துக்கு ஆசைப்பட்டு, "ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் சம்பளம் வாங்கியவர்" என்ற பெயரைச் சுமக்க வேண்டாம்.

மற்றபடி கேட்கலாம். கேட்பது குற்றமே இல்லை. நாங்கள் கொடுக்கும் ஆஃபர்களில் தேதி மாறாமல் அப்படியே சேர்கிறவர்கள்தான் குறைவு. ஆனால் தேதியைத் தள்ளு என்று ஒருவர் சொன்னால் எங்கள் மனதில் முதலில் ஓடுவது என்ன என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். "இவர் நம் கடிதத்தைக் காட்டி வேறு எங்கோ பேரம் பேசுகிறார். இன்னும் நான்கு வாரம் கொடுத்தால் அதைவிடப் பெரிய ஆஃபரோடு போய்விடுவார்." நூறு முறை சூடு பட்டதால் வந்த சந்தேகம் இது, உங்கள்மேல் உள்ள கோபம் இல்லை. உங்கள் பேச்சும் மின்னஞ்சலும் அந்தச் சந்தேகத்தை அடக்க வேண்டும். வேறு எதையும் சாதிக்க வேண்டியதில்லை.

ஒரு கேள்வி. உங்களுக்கு உண்மையிலேயே வேண்டிய தேதி எது? ஆகஸ்ட் 19ஆ, 12ஆ? இரண்டும் ஒன்றில்லை.

பழைய பேரேடு | 25 ஜூன், காலை 9.20

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி, பஸ்ஸில் அந்தப் பெரியவர் சொன்னதில் பாதிதான் சரி.

பணிக்கொடைச் சட்டம் 1972இல் வந்தது. ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும் என்பது உண்மை. ஆனால் "தொடர் பணி" என்றால் என்ன என்று அதே சட்டத்தின் 2ஏ பிரிவு சொல்கிறது. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது முழு வருடம். வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடம் என்றால் 190 நாளே போதும். உங்கள் இடம் வாரம் ஐந்து நாள்தானே? மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1996இல் இதையே ஐந்தாவது வருடத்துக்கும் பொருத்தியது. நான்கு முழு வருடம், ஐந்தாவதில் 240 நாள் இருந்தால் தகுதி உண்டு என்றது. ஜூலை 19 அன்று உங்கள் ஐந்தாவது வருடத்தில் 343 நாள் ஆகியிருக்கும். சனி, ஞாயிறு, பண்டிகை எல்லாவற்றையும் கழித்தாலும் 190ஐத் தாண்டும்.

தொகையும் குறையாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தை முழு வருடமாக எண்ண வேண்டும். 42,000ஐப் பதினைந்தால் பெருக்கி, 26ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்குங்கள். 1,21,154 ரூபாய்.

ஆக, சட்டப்படி நீங்கள் ஜூலை 19இலேயே கிளம்பலாம்.

வைப்பாற்றங்கரை | 25 ஜூன், காலை 9.41

ஐயா, வயிற்றில் பால் வார்த்தீர்கள். அப்படியானால் தேதியைத் தள்ளவே வேண்டாமா?

பழைய பேரேடு | 25 ஜூன், காலை 10.15

அவசரப்படாதே. "சட்டப்படி" என்று சொன்னேன். நடப்பில் உங்கள் எச்.ஆர். மென்பொருள் நான்கு வருடம் பதினோரு மாதம் என்று பார்த்தவுடன் சைபர் போட்டுவிடும். நீங்கள் தீர்ப்பை இணைத்து எழுத வேண்டும். அவர்கள் சட்டப் பிரிவுக்கு அனுப்புவார்கள். மறுத்தால் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போட வேண்டும். பல மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனம் என்றால் மத்திய அரசின் உதவித் தொழிலாளர் ஆணையர், இல்லையென்றால் மாநிலத் தொழிலாளர் துறை. ஜெயிக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் நடக்க வேண்டும். வாய்தாவுக்குப் புது இடத்தில் விடுப்புக் கேட்க வேண்டும்.

நானாக இருந்தால் ஐந்தை முழுதாக முடித்துவிட்டே கிளம்புவேன். தீர்ப்பைப் பையில் வைத்துக்கொள்வேன். புது இடம் மறுத்தால் அப்போது எடுப்பேன்.

சிறுவாணித் தண்ணீர் | 25 ஜூன், மதியம் 1.30

பேரேடு ஐயா சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியம். கேட்கப் போகும்போது, மறுத்தாலும் நாம் கெட்டுப்போகமாட்டோம் என்று தெரிந்தால் குரலே மாறிவிடும்.

என் கதையைச் சொல்கிறேன். 2022இல் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் ஆஃபர். கையெழுத்துப் போட்ட பத்தாவது நாள் கர்ப்பம் என்று தெரிந்தது. மசக்கை. எழுந்து நின்றால் தலை சுற்றல். இரண்டு மாதம் தள்ளிக் கேட்கலாம் என்று நினைத்தேன். அக்காதான் தடுத்தாள். மகப்பேறு விடுப்புக்கு அந்த நிறுவனத்திலேயே பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். இரண்டு மாதம் தள்ளியிருந்தால், நடுவில் மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னால், அந்த 80ஐத் தொடுவதே இழுபறியாகி 26 வார விடுப்பும் கேள்விக்குறியாகியிருக்கும். கடைசியில் இரண்டே வாரம் தள்ளிக் கேட்டேன், கொடுத்தார்கள். நாம் ஒரு காரணத்துக்காகத் தேதியைத் தள்ளுவோம், அது வேறு எதையோ கொண்டுபோய்விடும். மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். நிறுவனம் எடுத்துக் கொடுத்த காப்பீடு பெரும்பாலும் கடைசி நாளோடு போய்விடும். இடையில் சும்மா இருக்கும் வாரங்களில் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகாமல் இருக்க வேண்டும்.

உப்புக்காற்று | 25 ஜூன், மாலை 6.10

நான் கேட்டு, கெட்டவன். அதையும் யாராவது எழுத வேண்டுமே.

முதலில் இரண்டு வாரம் கேட்டேன், தங்கை கல்யாணம். உடனே சரி என்றார்கள். கல்யாணம் முடிந்து மறுவீடு, விருந்து என்று இழுத்தது. இன்னும் பத்து நாள் கேட்டேன். "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான்காம் நாள் ஒரு வரி மின்னஞ்சல், அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டது என்று. பழைய வேலையை விட்டாயிற்று. பந்தல்காரனுக்குப் பாக்கி. ஐந்து மாதம் தூத்துக்குடியில் அப்பாவின் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் தடவை கேட்டதில் தவறே இல்லை. எத்தனை நாள் வேண்டும் என்று ஒழுங்காகக் கணக்குப் போடாமல் கேட்டதுதான் தவறு.

கடைசிப் பெஞ்ச் | 25 ஜூன், மாலை 6.32

என் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இன்னொரு சந்தேகம். முதலில் யாரிடம் பேச வேண்டும்? பழைய மேலாளரிடமா, புது எச்.ஆரிடமா? பழைய இடத்தில் நீட்டிப்பை வாங்கிவிட்டு, அதைக் காட்டிப் புது இடத்தில் கேட்பதுதானே பலம்?

நேர்காணல் மேசை | 25 ஜூன், இரவு 9.15

பலம்போல் தெரியும். எதிர்மறையாக யோசித்துப் பாருங்கள். பழைய இடத்தில் ஆகஸ்ட் வரை நீட்டிப்பு எழுத்தில் வாங்கிவிட்டார். புது இடம் முடியாது என்கிறது. இப்போது ஜூலை 22க்கு ரிலீவிங் வேண்டும் என்று மறுபடி பழைய மேலாளரிடம் போய் நிற்க வேண்டும். அவர் அதற்குள் ஒப்படைப்பு அட்டவணையை மாற்றியிருப்பார், முறைப்பார். மாற்றிச் செய்தால்? புது இடம் ஆகஸ்ட் என்று ஒப்புக்கொண்டது, பழைய இடம் நீட்டிக்கவில்லை. மூன்று நான்கு வாரம் சம்பளமில்லாமல் ஊரில் இருப்பார், பணிக்கொடைக்கு ஐயாவின் தீர்ப்பு இருக்கிறது. எது தாங்கக்கூடிய அடி?

அதனால் பழைய மேலாளரிடம் வாய்ப்பேச்சாகக் காதில் போட்டு வையுங்கள். புது இடத்தில் எழுத்தில் வாங்குங்கள். அன்றைக்கே பழைய இடத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

புது இடத்தில் முதலில் தொலைபேசி, பிறகு மின்னஞ்சல். வெறும் மின்னஞ்சல் வந்தால் அதை நான் என் மேலதிகாரிக்கு அப்படியே தள்ளிவிடுவேன். போனில் பேசியிருந்தால் "பையன் பேசினான், விஷயம் இதுதான், வந்துவிடுவான்" என்று என் வாயால் சொல்வேன். திங்கட்கிழமை காலை மட்டும் அழைக்காதீர்கள், அன்றுதான் புதிதாகச் சேர்கிறவர்கள் வருவார்கள்.

வைப்பாற்றங்கரை | 26 ஜூன், இரவு 11.20

மின்னஞ்சல் வரைவு எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"மதிப்பிற்குரிய அம்மையீர், தங்களைச் சிரமப்படுத்துவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நிறுவனத்தில் சேர நான் எவ்வளவு ஆவலாக இருக்கிறேன் என்பதைச் சொல்ல வார்த்தைகள் இல்லை. ஆனால் தற்போதைய நிறுவனத்தில் ஒப்படைப்பு முடியவில்லை. மேலும் ஆகஸ்ட் மாதத்தில் எனக்கு ஐந்து வருடம் முடிவதால் பணிக்கொடை கிடைக்கும். மேலும் எங்கள் குடும்ப வழக்கப்படி ஆடி மாதத்தில் புதிய வேலை தொடங்குவதில்லை. அப்பாவுக்கும் முழங்கால் வலி உள்ளது. எனவே முடிந்தால் ஆகஸ்ட் 19 வாக்கில் சேர அனுமதிக்க முடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை. சிரமத்துக்கு மீண்டும் மன்னிக்கவும்."

நேர்காணல் மேசை | 27 ஜூன், காலை 8.05

அப்பாவின் முழங்காலை ஏன் இழுத்தீர்கள்!

ஒரு காரணம் சொன்னால் நம்புவேன். நான்கு சொன்னால் ஐந்தாவதாக மறைப்பது எது என்று தேடுவேன். ஆடியை எடுங்கள். நானும் ஆடியில் வீடு மாறாதவள்தான், ஆனால் இப்படி ஒரு மின்னஞ்சல் எங்களிடம் வந்தால் பெங்களூரு அலுவலகத்துக்குப் போகும். அங்கே படிப்பவருக்கு ஆடி என்றால் ஒரு கார்தான் நினைவுக்கு வரும். "வாக்கில்" என்பதை வெட்டுங்கள், தேதி என்றால் தேதி. "முடியாவிட்டாலும் பரவாயில்லை" என்ற வரி எனக்குத் தீனி. பரவாயில்லை என்று நீங்களே சொன்ன பிறகு நான் ஏன் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி அலைய வேண்டும்?

பணிக்கொடையைச் சொல்லலாமா? என் கருத்தில் சொல்லலாம். பணம் சார்ந்த காரணம் என்று கூச்சப்படுகிறீர்கள். ஆனால் நாங்கள் சரிபார்க்கக்கூடிய காரணம் அதுதான். விண்ணப்பத்தில் சேர்ந்த தேதி இருக்கிறது, காலண்டர் இருக்கிறது. வேறு ஆஃபருக்காக இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

பழைய பேரேடு | 27 ஜூன், காலை 9.30

இதில் நான் அம்மணியோடு உடன்படவில்லை. பணிக்கொடையைச் சொன்னால் "அந்த ஒரு லட்சத்தை நாங்கள் தருகிறோம், ஜூலையிலேயே வா" என்பார்கள். தரட்டுமே என்று நினைக்காதே. சேரும்போது தரும் ஊக்கத்தொகையைச் சம்பளமாக எண்ணி வரி பிடிப்பார்கள், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கேட்பார்கள். சட்டப்படி வரும் பணிக்கொடைக்கு இருபது லட்சம் வரை வரி இல்லை, அது நீ சம்பாதித்த காசு. ஒப்படைப்பு வேலை என்ற காரணமே போதும். அதுவும் உண்மைதானே.

சிறுவாணித் தண்ணீர் | 27 ஜூன், மதியம் 12.50

போனில் பணிக்கொடை, மின்னஞ்சலில் ஒப்படைப்பு. இரண்டும் உண்மை. பேச்சில் சொன்னதெல்லாம் தாளில் ஏற வேண்டியதில்லை. நான் எழுதினால் இப்படி:

"இன்று தொலைபேசியில் பேசியதன் தொடர்ச்சி. என் சேரும் தேதியை ஜூலை 22இலிருந்து ஆகஸ்ட் 19, திங்கட்கிழமைக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தற்போதைய நிறுவனத்தில் ஒப்படைப்பை முழுமையாக முடித்துவிட்டு வர விரும்புகிறேன். ஆஃபரில் கையெழுத்திட்டதில் எந்த மாற்றமும் இல்லை. பின்னணிச் சரிபார்ப்புக்கான ஆவணங்களை இப்போதே அனுப்பிவிடுகிறேன். திருத்திய தேதியுடன் ஆஃபர் கடிதத்தை அனுப்பினால் உதவியாக இருக்கும்."

ஆவணங்களை இப்போதே தருகிறேன் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். வேறு இடம் தேடுகிறவன் அதை எழுதமாட்டான்.

உப்புக்காற்று | 27 ஜூன், மதியம் 1.15

திருத்திய கடிதம் என்ற வரிக்கு ஆயிரம் நன்றி. என் பழைய கடிதத்தில் "குறிப்பிட்ட தேதியில் சேராவிட்டால் இந்த ஆஃபர் தானாகவே காலாவதியாகும்" என்று ஒரு வரி இருந்தது. போனில் சரி என்று சொன்னவர் வேலையைவிட்டுப் போய்விட்டால் நம் கையில் அந்த வரிதான் இருக்கும்.

அரசு வேலை என்றால் இது இன்னும் கறார். மத்திய அரசுப் பணி நியமனக் கடிதத்துக்கு எப்படி நீட்டிப்பு வாங்கினாலும், முதல் கடிதத் தேதியிலிருந்து ஆறு மாதம்தான் எல்லை. அதற்குமேல் தானாகவே செத்துவிடும்.

வைப்பாற்றங்கரை | 28 ஜூன், இரவு 8.45

பேசிவிட்டேன். மதியம் மூன்று மணிக்கு, அலுவலகத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு. எழுதி வைத்த தாள் வியர்வையில் நனைந்து எழுத்தெல்லாம் பரவிவிட்டது. "ஒரு உதவி" என்று ஆரம்பித்ததுமே அந்த அம்மா "வரவில்லையா?" என்றார். அவ்வளவு சலிப்பு அந்தக் குரலில். "வருகிறேன், தேதி மட்டும்தான்" என்றேன். ஒரு மூச்சு விட்டார், எனக்கே கேட்டது. பிறகு எல்லாம் சுலபம். பணிக்கொடையைச் சொன்னேன். "நியாயம்தானே" என்றார்.

சிறுவாணி அக்காவின் மின்னஞ்சலை அப்படியே அனுப்பினேன். மாலை பதில் வந்தது. அவர்களுடைய புதிய திட்டம் ஆகஸ்ட் 14இல் தொடங்குகிறதாம், 19 முடியாது. ஆகஸ்ட் 12 திங்கள் தருகிறார்கள். அதற்குமேல் முடியாது.

இப்போது சிக்கல். 12 அன்று அங்கே சேர வேண்டுமென்றால் இங்கே கடைசி வேலைநாள் ஆகஸ்ட் 9 வெள்ளி. எண்ணிப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு இரண்டு நாள் குறைகிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கடைசிப் பெஞ்ச் | 28 ஜூன், இரவு 8.52

கரையேறிய பிறகு வழுக்கி விழுந்த கதை.

பழைய பேரேடு | 28 ஜூன், இரவு 9.30

எங்கே குறைகிறது? வேலைநாள் வெள்ளியோடு முடியட்டும். விடுவிக்கும் தேதி ஏன் வெள்ளியாக இருக்க வேண்டும்? வார விடுமுறையும் பணிக்காலத்தில் சேர்ந்ததுதான். ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை பணி நேரம் முடியும்போது விடுவிக்கப்பட்டார் என்று கடிதம் கேள். 2019 ஆகஸ்ட் 12 முதல் 2024 ஆகஸ்ட் 11 வரை, துல்லியமாக ஐந்து வருடம். மறுநாள் 12, அங்கே. ஒரு நாள்கூட ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை, பி.எஃப். கணக்கும் சுத்தம். எங்கள் தொழிற்சாலையில் ஞாயிறு தேதியிட்டு எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன்.

இன்றே புது இடத்துக்குச் சரி என்று எழுது. இன்னும் ஒரு வாரம் என்று மறுபடி கேட்டாயோ, தூத்துக்குடித் தம்பியின் கதைதான்.

நேர்காணல் மேசை | 28 ஜூன், இரவு 9.48

ஐயாவுக்கு ஒரு வணக்கம். நான் முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. உங்களுக்கு வேண்டியிருந்தது 12தான். 19 அம்மாவுக்கு.

வைப்பாற்றங்கரை | 3 ஜூலை, இரவு 10.10

திருத்திய ஆஃபர் கடிதம் வந்துவிட்டது. இங்கே மேலாளர் உடனே சரி என்றார். ஆனால் எச்.ஆர். மென்பொருள் ஞாயிற்றுக்கிழமைத் தேதியை ஏற்கவில்லை. சிவப்பில் "வேலைநாளைத் தேர்ந்தெடுக்கவும்" என்று நின்றது. எச்.ஆர். பையன் மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு, ஹைதராபாத் அலுவலகத்துக்கு ஒரு உதவிக் கோரிக்கை (டிக்கெட்) போட்டான். இன்று மாலை அங்கிருந்து யாரோ கையால் மாற்றிவிட்டார்கள். 11.08.2024 என்று திரையில் பார்த்தவுடன் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். ஆகஸ்ட் 12 ஆடி 27 என்று உடனே கணக்குச் சொன்னார். நேற்று முழுக்கப் பேசவில்லை. இன்று அவராகவே அழைத்தார். தினசரி காலண்டரைப் பார்த்தாராம். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை. "ஒன்பது மணிக்கு முன்னால் அந்த வாசலைத் தாண்டாதே" என்றார்.

வரச் சொல்லியிருப்பது ஒன்பதரைக்கு.